அரைக் கோப்பை

ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
12.2.1983

தங்கச்சி நல்லம்மாளுக்கு அக்கா முத்தம்மா ஆசையோட எழுதுறது. நானும் உன் மச்சானும் ஆத்தா புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்க? தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயில்ல பாத்தப்ப கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்த. நாள் பூரா நின்னுக்கிட்டு ஈய எழுத்துக் கோக்குற வேலை, வேளாவேளைக்குச் சாப்பிட வேணாமா?

இங்க ஒரு கெட்ட சேதி. அடுத்த வீட்டு ராக்காயி, என்னோட மருந்தடிக்கிற கூட்டத்துல வாராளே, அவ போன செவ்வாக்கிழமை காட்டுல விழுந்துட்டா. முதுகுல மாட்டியிருந்த மருந்து டின் ஒழுகி, சட்டையெல்லாம் நனைஞ்சு, முதுகுத் தோலு வெந்து போச்சு. வாந்தி நிக்கவே இல்ல. லோரியில ஏத்தித் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆனா எழுந்து நடமாட நாளாகுமாம்.

இந்த வருசம் லாலான் புல்லைக் கருக்கப் புது மருந்து வந்திருக்கு. பழசுக்கு ஒரு டின் தண்ணிக்கு ரெண்டு கோப்பை ஊத்துவோம். புதுசுக்கு எவ்வளவுன்னு ஸ்டோர் சுவத்துல தாள் ஒட்டியிருக்காங்க. ரெண்டு தாள்ல ஒண்ணு கழண்டு விழுந்துச்சு, இதோட வச்சிருக்கேன். நீ எழுத்தோடயே பொழங்குறவ. கோப்பைக் கணக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்து எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

மழையில நனையாத. மச்சான் உன்னை விசாரிச்சாரு.

அக்கா
முத்தம்மா


புந்தோங்,
ஈப்போ.
20.2.1983

என் அக்காவுக்கு நல்லம்மாள் வணங்கி எழுதுவது. நான் நலம். நீங்களும் மச்சானும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கணும்.

ராக்காயி அக்காவை நினைச்சா மனசு பதறுது. போய்ப் பார்க்கும்போது என் பேரைச் சொல்லி நாலு ஆரஞ்சு வாங்கிக் கொடுங்க.

இங்கே அச்சகத்தில் வேலை நெரிசல். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள், கோயில் அழைப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒண்ணா வந்திருக்கு. குமரப்பன் முதலாளிக்குத் தும்மக்கூட நேரமில்லை. புந்தோங்கில் மூணு நாளா மழை, துணி காயலை.

நீங்க அனுப்பின தாள் கிடைச்சது. தமிழ்ப் பகுதி ரொம்பப் பொடி எழுத்தா இருக்கு. விசாரிச்சு எழுதறேன். ஆமா, மருந்து கலக்கிறது உங்க கூட்டத்தை வேலை வாங்குற மண்டோர்தானே? நீங்க ஏன் அளவு கேக்கறீங்க?

உடம்பைப் பார்த்துக்குங்க.

அன்புத் தங்கை
நல்லம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
9.3.1983

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. நாங்க சுகம். உன் துணியெல்லாம் காஞ்சிருச்சா? ஈரத்துணி போட்டுக்கிட்டு வேலைக்குப் போகாத.

நான் ஒண்ணு கேட்டேன், நீ மழையைப் பத்தி எழுதியிருக்க.

மண்டோர் மருந்து கலந்ததெல்லாம் முந்தி. கூட்டத்துல நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ நான்தான்னு போன வருசமே கோப்பையை என் கையில குடுத்துட்டாரு. எழுதியிருக்கிறதைப் பாத்துக் கலந்துக்கன்னு சொல்லிட்டாரு. நானும் பாத்துத்தான் கலப்பேன்.

முதுகுவலின்னு இப்ப கொஞ்ச நாளா வீட்டுலதான் இருக்கேன். தலையணை உறை தச்சேன். பின்பக்கம் மரவள்ளி நட்டேன். தொழிலாளர் சங்கத்துச் சன்னாசி அண்ணன் ரெண்டு தடவை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு.

ராக்காயி இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கா. நீ சொன்ன ஆரஞ்சு வாங்கிக் குடுத்தேன். உரிச்சுக் குடுத்தா சாப்பிடுறா.

அந்த அளவை எழுது.

அக்கா
முத்தம்மா


புந்தோங்,
ஈப்போ.
2.4.1983

அன்புள்ள அக்காவுக்கு நல்லம்மாள் எழுதுவது. மச்சான் சுகம்தானே? உங்க முதுகுவலியைப் பத்தி நான் கேட்கப் போறதில்லை, அக்கா. அப்படி ஒரு வலியே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

போன வாரம் சங்கத்து வேலையா ஈப்போ வந்த சன்னாசி அண்ணன் அச்சகத்துக்கு வந்தார். எல்லாத்தையும் சொன்னார். அளவுக்கு மேலே மருந்து கலந்தீங்கன்னு பிப்ரவரி பதினஞ்சாம் தேதியே உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வச்சிருக்காங்களாம். "தாள் தெளிவாக ஒட்டப்பட்டிருந்தது, படிக்கத் தெரியாதவர்களின் கவனக்குறைவு"ன்னு ஆபீசில் கணக்கெழுதுற கிராணி எழுதி வச்சிருக்காராம். விசாரணையில் தப்பு உங்க பேரில் நின்னா வேலையும் போயிடும், இருக்கிற வீட்டையும் காலி பண்ணணும். இவ்வளவையும் வச்சுக்கிட்டுத்தான் தலையணை உறை தச்சேன்னு எழுதினீங்க.

உங்களைச் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒண்ணை மறைச்சேன். அந்தத் தாளைக் கோத்தது நான்தான்.

டிசம்பரில் உங்க தோட்டத்துக் கம்பெனி ஆபீசிலிருந்து ஐந்நூறு தாள் அடிக்கச் சொல்லி வந்தது. ஒரே தாளில் மூணு பாஷை. இங்கிலீஷும் மலாயும் மேலே தாராளமா உட்கார்ந்த பிறகு தமிழுக்கு அடியில் நாலு விரல் இடம்தான் மிச்சம். இருக்கிறதிலேயே பொடி எழுத்தை எடுத்தேன். வரிக்கு வரி விடுற இடைவெளியையும் எடுத்தேன். அப்பவும் ஒரு வரி அடங்காம வெளியே நின்னது. எழுதி வந்ததில் "அரைக் கோப்பை"ன்னுதான் இருந்தது. இடத்துக்காக நான்தான் "அரை"யை எடுத்துட்டு ½ன்னு எண்ணாப் போட்டேன். அந்த அச்சு தேய்ஞ்சது. மேலே இருக்கிற ஒண்ணு பாதி உடைஞ்சிருந்தது. ஐந்நூறு தாள் ஓடும்போது மை அடைச்சு, கீழே இருக்கிற ரெண்டு மட்டும்தான் விழுந்திருக்கு.

முதல் தாளைச் சரிபார்த்ததும் நான்தான், அக்கா. எனக்கு அரைன்னு தெளிவாத் தெரிஞ்சது. ஏன்னா அது அரைன்னு எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிஞ்ச கண்ணு, தாளில் இல்லாததையும் சேர்த்துப் படிச்சிடுது. உங்க கவர் வந்ததும் பிரிச்சுப் பார்த்தேன். அப்பதான் அது ரெண்டா இருந்தது. அதை எழுத எனக்கு நாப்பது நாள் ஆச்சு.

ராக்காயி அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

நல்லம்மாள்


புந்தோங்,
ஈப்போ.
28.4.1983

அக்காவுக்கு நல்லம்மாள் எழுதுவது. நீங்களும் மச்சானும் சுகமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிறேன். எழுதினாத்தானே தெரியும்.

தபால்காரர் அச்சகத்துக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். திட்டியாவது ரெண்டு வரி போடுங்க. விசாரணைக்கு வந்து நான் செஞ்சதை நானே சொல்றேன்னு முதலாளிகிட்ட சொன்னேன். "அச்சகத்துப் பேரை இழுத்தா கம்பெனி வேலை கைவிட்டுப் போயிடும், நல்லம்மா"ன்னார். போனா போகட்டும்னு சொல்லிட்டேன்.

அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தது நீங்க. நீங்க பேசாம இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நல்லம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
6.5.1983

தங்கச்சி நல்லம்மாளுக்கு அக்கா எழுதுறது. உடம்பு சுகந்தான். மனசுதான் இத்தனை நாளா சரியில்லாம கிடந்துச்சு.

உன் கடுதாசியைப் படிச்ச அன்னிக்கு நான் சோறாக்கல. என் தங்கச்சி கையாலயா என் பேரு கெட்டுச்சுன்னு சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன். அடுத்த நாளு உன்மேல வந்த கோவம் என்மேல திரும்பிருச்சு. ரெண்டு மாசமா நான் என்ன நினைச்சிருந்தேன்னு உனக்குத் தெரியாது. எனக்குத்தான் படிப்பு பத்தல, அரைகுறைப் படிப்பை நம்பி ஒருத்தி முதுகை வேக வச்சிட்டேன்னு நினைச்சேன். கடையில சோப்பு உறையில எழுதியிருக்கிறதைக்கூடப் படிக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன். அது ரெண்டுதான், நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்னு நீ எழுதியிருந்த. அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்ல.

ராக்காயி வீட்டுக்கு வந்துட்டா. உன் கடுதாசியை அவகிட்ட மறைக்க எனக்கு மனசு வரல, முழுக்கப் படிச்சுக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டா. அப்புறம் சொன்னா: "முத்தம்மா, நமக்குப் படிக்கத் தெரியலைன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுத்துதான் தெரியலைன்னு நாம காட்டணும்."

அதனால அழுது அழுது எழுதாத. அந்தத் தாளை மறுபடி கோத்து அனுப்பு. எங்க கூட்டத்துல பதினாலு பேரு. பதினாலு பேருக்கும் புரியிற மாதிரி கோத்து அனுப்பு.

ஈப்போவுல வெயிலு சாஸ்தியாமே. தண்ணி நிறையக் குடி.

அக்கா
முத்தம்மா


புந்தோங்,
ஈப்போ.
15.5.1983

என் அக்காவுக்கு நல்லம்மாள் எழுதுவது. உங்க கடுதாசி வந்த அன்னிக்குத்தான் நான் வயிறார சாப்பிட்டேன். நீங்க சொன்னபடி தண்ணியும் குடிக்கிறேன். ராக்காயி அக்காவுக்குக் காயம் ஆறிட்டு வருதா?

இதோட மூணு தாள் இருக்கு. விஷயம் மூணிலும் ஒண்ணுதான், கோத்த விதம் வேற வேற. முதல் தாளில் எல்லாமே பெரிய தடி எழுத்து. ரெண்டாவது நடுத்தர எழுத்து, வரி தாளோட இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் போகும். மூணாவதும் அதே நடுத்தர எழுத்துதான். ஆனா வரியைச் சின்னதா வெட்டி, நடுவில் நல்லா இடம் விட்டிருக்கேன்.

எனக்கு எது நல்லதுன்னு தெரியலை. எல்லாத்தையும் கோத்தவ நானா இருக்கிறதால என் கண்ணை நான் நம்ப மாட்டேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும். ஒருத்தருக்கு ஒரு தாளை ஒரு தடவை மட்டும் படிக்கக் கொடுங்க, அப்புறம் வாங்கி வச்சிட்டுக் கேள்வி கேளுங்க. பக்கத்தில் இருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நல்லாயிருக்கான்னு கேக்காதீங்க, முகத்துக்காக நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாங்க.

மச்சானுக்கு என் வணக்கம்.

நல்லம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
30.5.1983

தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. எல்லாரும் சுகம். ராக்காயி இப்ப மல்லாந்து படுக்குறா. அவளே சிரிச்சுக்கிட்டு வந்து சொன்னா.

மூணு ஞாயித்துக்கிழமை வேணும்னு நினைச்சேன், ரெண்டுலயே முடிச்சிட்டேன். கோயில் கொட்டாய்க்கு வெளிய பதினாலு பேரையும் உக்கார வச்சு, ஒவ்வொருத்தியா உள்ள கூப்பிட்டேன். ஒரே ஆளு ரெண்டு தாளைப் படிச்சா முன்ன படிச்சது ஞாபகத்துல வந்துரும்னு, பக்கத்துக் கூட்டத்துப் பொம்பளைங்களையும் சேத்துக்கிட்டேன். தாளுக்குப் பதினாலு பேரு. கேள்வி நாலு. எத்தனை கோப்பை, காத்து எந்தப் பக்கம் அடிச்சா நிக்கணும், மேல பட்டா என்ன செய்யணும், சாப்பிடுறதுக்கு முன்ன என்ன செய்யணும்.

சுவத்துல இருந்த பழைய தாள்ல நாலுக்கும் பதில் சொன்னது மூணு பேரு. அந்த மூணு பேருக்கும் அளவு முன்னாலேயே தெரியும்.

தடி எழுத்துல ஆறு பேரு. பெரிசா இருந்தா நல்லாத் தெரியும்னுதான் நானும் நினைச்சேன். ஆனா நல்லம்மா, எல்லாமே கத்துது. எதை முதல்ல கேக்குறதுன்னு தெரியல. எழுத்து பெருசானதுல சொல்லெல்லாம் ஒடிஞ்சு ஒடிஞ்சு அடுத்த வரிக்குப் போயிருக்கு. "கூடா"ன்னு ஒரு வரி முடியுது, "து" தனியா அடுத்த வரியில நிக்குது. பாதிப் பேரு அதைச் சொல்லாவே எடுக்கல.

நீள வரித் தாள்ல எட்டு பேரு. ஒரு வரி முடிச்சிட்டுத் திரும்பி வாரப்ப கண்ணு வழி தவறிப் படிச்ச வரிக்கே மறுபடி போயிருது. விரலை வச்சுப் படிச்சவங்க தப்பிச்சாங்க.

மூணாவது தாள்ல பதினோரு பேரு. மிச்சம் மூணு பேருல ரெண்டு பேரு பள்ளிக்கூடமே போகாதவங்க. அவங்களுக்கு நீ எப்படிக் கோத்தாலும் ஒண்ணுதான், அதுக்கு வேற வழி பாக்கணும். இன்னொருத்திக்கு "காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று"ங்கிறது விளங்கல. "காத்து மூஞ்சியில அடிச்சா மருந்தடிக்காதேன்னு எழுதினா என்ன கெட்டுப் போச்சு"ன்னு கேட்டா. நியாயந்தானே.

இன்னொண்ணும் சொல்லணும். பதில் சரியாச் சொன்னவங்க எழுந்து போகல. அடுத்தவ சரியாச் சொல்றாளான்னு கேட்டுக்கிட்டு அங்கயே இருந்தாங்க. நான் இந்தத் தோட்டத்துல இருபது வருசமா இருக்கேன், கோயில் கொட்டாயில இப்படி ஒரு கூட்டம் பாத்ததில்ல.

உடம்பைப் பாத்துக்க.

அக்கா
முத்தம்மா


புந்தோங்,
ஈப்போ.
7.6.1983

அன்பு அக்காவுக்கு நல்லம்மாள் எழுதுவது. இங்கே எல்லாம் சுகம். ராக்காயி அக்கா மல்லாந்து படுத்தாங்கன்னு படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

உங்க கடுதாசியை மேசையில் விரிச்சு வச்சுக்கிட்டே நாலாவது தாளைக் கோத்தேன். எந்தச் சொல்லும் உடையலை. ஒரு வரிக்கு ஒரு சேதி. "அரை"யை எழுத்திலேயே போட்டு, அதை மட்டும் தடி எழுத்தாக்கினேன். மத்ததெல்லாம் அமைதியா இருந்தா அது ஒண்ணு பேசினாப் போதும். காத்து வரியை அந்த அக்கா சொன்னபடியே மாத்திட்டேன். படிக்காதவங்களுக்காகப் பாதி நிறைஞ்ச கோப்பைப் படம் ஒண்ணு செதுக்கி வாங்கி ஓரத்தில் வச்சிருக்கேன்.

முதலாளி சமாச்சாரம் கேளுங்க. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த விசாலி ஆச்சிகிட்ட, அதான் அவர் வீட்டம்மாகிட்ட, பழைய தாளைக் காட்டி "இது என்னன்னு படிங்க ஆச்சி"ன்னு கேட்டேன். ஆச்சிக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "ரெண்டு கோப்பை. ஏன் இவ்வளவு பொடியாப் போட்டிருக்கீக?"ன்னாங்க. முதலாளி கையைக் கழுவிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார். எத்தனையோ தடவை அவர்கிட்ட நான் சொல்லியிருக்கேன், ஒரு தடவையும் ஏறலை. தெரியாத ஒருத்தர் வாயிலிருந்து வந்ததும் ஏறிடுச்சு. சாப்பிடாமலே உட்கார்ந்து, அச்சுப்பிழை எங்களோடதுன்னு அச்சகத்துத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இதோட வச்சிருக்கேன், பத்திரம்.

விசாரணை இருபத்தெட்டாம் தேதின்னு சன்னாசி அண்ணன் சொன்னார். முதல் நாளே வந்துடறேன்.

நல்லம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
22.6.1983

என் தங்கமான தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. நான் சுகம், மச்சான் சுகம், இந்தத் தோட்டமே சுகம்.

விசாரணை முடிஞ்சிருச்சு. லேபர் ஆபீஸ் துவானுக்கு, அதான் விசாரிக்க வார பெரிய அதிகாரிக்கு, வேற சோலி இருக்குன்னு நேத்தே வச்சிட்டாங்க. உன்னைக் கூப்பிட நேரமில்ல. சன்னாசி அண்ணன்தான் கூட வந்தாரு.

மேனேஜர் ஒரு பக்கம், கிராணி ராஜு ஒரு பக்கம், நடுவுல மலாய்க்காரத் துவான். முதலாளி எழுதின கடுதாசியை அண்ணன் குடுத்தாரு. துவான் படிச்சிட்டுக் கிராணியைப் பாத்தாரு. கிராணி, அந்த அச்சகத்துல இவ தங்கச்சி வேலை செய்யிறா, அக்காவுக்காக வாங்கின கடுதாசிதான் இதுன்னு சொல்லிட்டாரு. பழைய தாளை மேசையில வச்சு, "பாருங்க துவான், அரைன்னு சுத்தமாத் தெரியுது. இதுங்களுக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான்"னாரு.

எனக்கு அந்த நேரத்துல நீ எழுதின விசாலி ஆச்சி ஞாபகம் வந்துச்சு. கடைத்தெருவுல பேசிப் பழகின பாசார் மலாய்ல நானே பேசினேன். "துவான், கிராணியாருக்கு அது அரைன்னு முன்னாலேயே தெரியும். இப்ப எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்க"ன்னேன்.

துவான் பழைய தாளை எடுத்தாரு. அப்புறம் தாளை மடிச்சுத் தமிழு மட்டும் தெரியிற மாதிரி வச்சுக்கிட்டு, வெளிய காருக்குப் பக்கத்துல நின்ன டிரைவரைக் கூப்பிட்டாரு. அந்த எண்ணை விரலால காட்டி, இது என்னன்னு கேட்டாரு. டிரைவரு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு, தூர வச்சுப் பாத்தாரு.

"டுவா, துவான்."

ரெண்டுன்னு சொல்லிட்டாரு. துவான் மடிப்பைப் பிரிச்சு, மேல இருக்கிற மலாய் வரியை வாய்விட்டுப் படிச்சாரு, ஸ்தெங்கான்னு. ஒரே தாள்ல மலாய்க்காரனுக்கு அரை, தமிழுக்கு ரெண்டு. அதைக் கிராணி பக்கம் தள்ளி வச்சாரு.

அதோட நான் விடல. படிக்கத் தெரியலைன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் பாத்துருங்கன்னு உன் நாலாவது தாளை நீட்டினேன். எங்க பொம்பளைங்க எல்லாம் வெளியதான் நின்னாங்க. துவானே நாலு பேரைக் கை காட்டிக் கூப்பிட்டாரு. ஒவ்வொருத்தியும் ஒரு தடவை படிச்சிட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்தா. கேட்டதுக்கெல்லாம் சன்னாசி அண்ணன் மலாய்ல மாத்திச் சொன்னாரு. ஒண்ணுகூடத் தப்பல. கடைசியா ராக்காயி. முதுகுல துணி உரசாம இருக்க லூசா ஒரு சட்டை போட்டுக்கிட்டு வந்தா. நாலு கேள்விக்கும் நின்னு பதில் சொன்னா. சொல்லிட்டுப் போகாம அங்கயே நின்னா.

"இன்னும் கேள்வி இருந்தா கேளுங்க துவான், நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன்"னா.

துவான் சிரிச்சிட்டாரு. மேனேஜரும் சிரிச்சாரு, வேற வழி?

என் பேருல தப்பில்லைன்னு எழுதிக் கையெழுத்தாச்சு. திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். வீட்டைப் பத்திப் பேச்சே இல்ல. புதுத் தாளைக் கம்பெனி தோட்டம் எல்லாத்துலயும் ஒட்டணும்னு துவான் எழுதிட்டுப் போயிருக்காரு. வெளிய வந்தா உன் மச்சான் பால்வாளியைக் கீழ வச்சிட்டு நிக்கிறாரு. ரப்பர் மரத்துல பாலு வெட்டுறதைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்காரு. என்னன்னு கேக்கல, என் முகத்தைப் பாத்ததும் துண்டால மூஞ்சைத் துடைச்சுக்கிட்டாரு.

நீ வரலைன்னு வருத்தப்படாத. நீ வந்திருந்தா நான் உன் பின்னாடி நின்னிருப்பேன்.

அக்கா
முத்தம்மா


புந்தோங்,
ஈப்போ.
4.7.1983

என் அக்காவுக்கு, உங்க கடுதாசியை அச்சகம் முழுக்கக் கேட்க உரக்கப் படிச்ச நல்லம்மாள் எழுதுவது. எல்லாரும் சுகம். மச்சானை விசாரிச்சதாச் சொல்லுங்க.

கம்பெனி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வேலை கைவிட்டுப் போகலை. சிலிம் ரிவர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்துப் புதுத் தாள் கேட்டிருக்காங்க. தமிழுக்குத் தனித் தாள். இருக்கிற இடத்தில் ஏதோ செய்யுங்கன்னு இந்தத் தடவை யாரும் சொல்லலை. முதலாளி தேய்ஞ்ச அச்சையெல்லாம் பொறுக்கி எடுத்து உருக்கப் போட்டுட்டார். அந்த ½ஐ நானே என் கையால போட்டேன்.

இனிமே நான் கோத்ததை நானே சரிபார்க்கிறதில்லை. எதிரே சாப்பாட்டுக் கடை மாயாண்டி அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன். அவர் எங்கே தடுக்கிறாரோ அங்கே மாத்தறேன். முதலாளி அதுக்கு ஒண்ணும் சொல்றதில்லை. அண்ணனுக்குத் தேத்தண்ணி மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த மாசம் லீவு கேட்டிருக்கேன். வந்து ராக்காயி அக்கா காலில் விழணும்.

உங்கள்
நல்லம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்காய்.
19.7.1983

தங்கச்சி நல்லம்மாளுக்கு அக்கா எழுதுறது. சுகந்தானே? நீ வாரப்ப காலுல விழுற வேலையெல்லாம் வேணாம், சேவல் அடிச்சுக் குழம்பு வைக்கிறேன்னு ராக்காயி சொல்லிட்டா. அவளுக்கு இனிமே மருந்து வேலை இல்ல, ஆயாக்கொட்டாயில பிள்ளைங்களைப் பாத்துக்குறா.

புதுத் தாளு வந்திருச்சு. பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல, கண்ணு மட்டத்துல, கிராணியே கையில பசையோட நின்னு ஒட்டினாரு. நேத்துக் காலையில பேரு கூப்பிட்டு முடிஞ்சதும் எங்க பொம்பளைங்க எல்லாம் அது முன்னாடி போய் நின்னாங்க. அவசரமில்லாம, மேலயிருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. கடைசி வரிக்கு வந்ததும் எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க.

தோட்டம் தரும் கையுறை போடாமல்
மருந்தைத் தொடக் கூடாது.

நீ நாலாவது தாளு அனுப்பினப்பவே நான் அதைப் பாத்துட்டேன். பழைய தாள்லயும் அடியில கிடந்திருக்கு, பாசி மாதிரி. நான் கேட்ட நாலு கேள்வியில அது இல்லாததால அவங்க யாரும் அதைக் கவனிக்கல, நானும் யாருகிட்டயும் சொல்லல. அவங்களே படிக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒருத்தி டின்னைக் கீழ வச்சா. அடுத்தவ வச்சா. எல்லாரும் டின்னை வரிசையா வச்சிட்டுத் தரையில உக்காந்துட்டாங்க. மண்டோர் கத்திப் பாத்தாரு. கிராணி ஓடி வந்து, கையுறை வேணும்னு யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு.

"நீங்கதான் ஐயா. நேத்து நீங்கதானே ஒட்டினீங்க"ன்னேன்.

அவரு திரும்பித் தாளைப் பாத்தாரு. நின்னு முழுக்கப் படிச்சாரு. ஒரு தடவைதான் படிச்சாரு, புரிஞ்சிருச்சு. ஆபீசுக்குப் போயி மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. மேனேஜரும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. லோரி சிலிம் ரிவருக்குப் போச்சு.

நாங்க உக்காந்தேதான் இருந்தோம். ஆயாக்கொட்டாயிலிருந்து ராக்காயி பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்து எங்களோட உக்காந்தா. பத்தரைக்கு லோரி திரும்பி வந்துச்சு. பெட்டியில பதினாலு ஜோடி, முழங்கை வரைக்கும் ஏறுற கறுப்பு ரப்பர்.

இந்தக் கடுதாசியையும் அதைப் போட்டுக்கிட்டே எழுதணும்னு ஆசைப்பட்டேன். பேனா வழுக்குது, கழட்டிப் பக்கத்துல வச்சிருக்கேன்.

பதினாலு பேரும் உன்னைக் கேட்டாங்க.

அக்கா
முத்தம்மா